வண்டியின் குணம் ரெண்டாவது கியரில் தெரியும்

மலையில் ஓட்டுவதற்கு வண்டி வாங்குகிறவர்கள் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் டெஸ்ட் டிரைவ் போய்விட்டு அட்வான்ஸ் கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அகலமான ரோடு, மூணாவது நாலாவது கியர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் "நல்லா மிதிச்சுப் பாருங்க சார், பிக்கப் தெரியும்" என்பார், மிதித்தால் இன்றைக்கு வரும் எந்த வண்டியும் பாயத்தான் செய்யும். உள்ளே ரெண்டே பேர், டிக்கி காலி. அதே வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அஞ்சு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் வழியில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே அரசு பஸ் முழு வளைவையும் எடுத்துக்கொண்டு இறங்க, ஓரங்கட்டி நின்று, அந்தச் சரிவிலேயே மறுபடி கிளம்பி ஏற வேண்டும். எங்களுக்கு வண்டியின் சக்தி என்றால் அது அந்த இடத்தில் தெரிய வேண்டியது. நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை செகண்டில் தொடும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு நீலகிரியில் என்ன செய்வது, நூறைத் தொட இங்கே ரோடு ஏது?

நாங்கள் இருப்பது கோத்தகிரி பக்கம். எங்கள் வீட்டு வண்டி செய்யும் வேலைகளைச் சொன்னால் எதற்காக இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், டவுனில் சந்து மாதிரி இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். தோட்டத்துக்குப் போகும் மண் ரோட்டில் உர மூட்டையோடு இறங்கி, மழை பெய்தாலும் ஏறி வர வேண்டும். மாசம் ரெண்டு மூணு தடவை அம்மாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிந்து இறங்கி உட்காரும் காரும் முடியாது, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறும் பெரிய ஜீப்பும் முடியாது. இத்தனையையும் ஒரே வண்டி செய்ய வேண்டும், ஏனென்றால் ரெண்டு வண்டி வாங்க எங்களால் ஆகாது. நாலு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவிகள் இந்த மலையில் இவ்வளவு ஓடுவதற்குக் காரணம் இதுதான், ஃபேஷன் என்று சொல்கிறவர்கள் இங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கலாம்.

இந்த நாலு மீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப் போவதற்கு அது வேண்டும். 2006 பட்ஜெட்டில் சின்ன காருக்கு வரிச்சலுகை கொடுத்தார்கள்: நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். அந்த அளவுக்குள் எஸ்யூவியை அடக்க முடியும் என்று பெரிய அளவில் காட்டியது 2013இல் மறைமலை நகரில் இருந்து வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட். அப்புறம் வரிசையாக 2016இல் பிரெஸ்ஸா, 2017இல் நெக்ஸான், 2019இல் வென்யூவும் எக்ஸ்யூவி 300ம், 2020இல் சோனெட், 2024இல் 3எக்ஸ்ஓ, அதே வருஷக் கடைசியில் ஸ்கோடா கைலாக். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறிய பிறகும் அதே கோடுதான்: அந்த அளவுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. பிரெஸ்ஸா நீளத்தில் உள்ளே வந்தாலும் அதன் பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி, அதனால் 40இல் நிற்கிறது. மற்ற கம்பெனிகள் ஏன் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் இன்ஜினில் டர்போவை, அதாவது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சாதனத்தை, வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதற்கு விடை இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

டர்போ மலைக்கு நல்லதா? ஏறுவதற்கு ரொம்ப நல்லது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். டர்போ இல்லாத இன்ஜின் தானாக இழுக்கும் காற்றை வைத்துத்தான் பெட்ரோலை எரிக்க வேண்டும், காற்று குறைந்தால் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். பிரெஸ்ஸாவின் 103 குதிரைத்திறன் ஊட்டி சேரிங்கிராஸில் நிற்கும்போது எண்பதை ஒட்டித்தான் இருக்கும். வண்டியின் எடையோ ஒரு கிலோகூடக் குறையாது. டர்போ வண்டியில் அந்தக் குறையை டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடும். 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுற்றி இழுக்கும் விசை, தரும் வென்யூ டர்போவோ 178 தரும் கைலாக்கோ தொட்டபெட்டா ரோட்டில் மூச்சு வாங்காமல் ஏறுவது இதனால்தான்.

ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது, ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த டார்க் 1,500 ஆர்பிஎம்முக்கு மேலேதான் கிடைக்கும், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அதற்குக் கீழே டர்போ சுற்றாது, அப்போது உங்களிடம் இருப்பது வெறும் ஒரு லிட்டர் இன்ஜின், அதுவும் மெலிந்த காற்றில். கொண்டை ஊசி வளைவில் ரெண்டாவது கியரில் போகும்போது வேகம் இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆர்பிஎம்மும் ஆயிரத்தைச் சுற்றி வந்து நிற்கும், ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் ஒன்றும் நடக்காது, ரெண்டு செகண்ட் கழித்து மொத்தமும் ஒரேயடியாக வரும். பின்னால் லாரி, முன்னால் ரோட்டோரச் சுவர். அந்த ரெண்டு செகண்ட் ரொம்ப நீளம். முதல் கியருக்குப் போடத் தயங்கக் கூடாது என்று புதுசாக ஓட்டுகிற எல்லாரிடமும் சொல்வேன், ஓடும் வண்டியை முதல் கியருக்கு இறக்குவது ஏதோ தப்பு மாதிரி சமவெளியில் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

எங்களிடம் இருப்பது டீசல் நெக்ஸான், ஆறு கியர் மேனுவல். 1.5 லிட்டர், 260 நியூட்டன் மீட்டர். சோனெட் டீசலில் 250, 3எக்ஸ்ஓ டீசலில் 300. வரிச் சட்டம் டீசலுக்குக் கூடுதலாக விட்டுக்கொடுத்த அந்த முந்நூறு சிசி சமவெளிக்காரர்களுக்கு என்ன பயனோ எனக்குத் தெரியாது, மலையில் அது பெரிய விஷயம். அரவேணு தாண்டி வரும் ஏற்றத்தில் அஞ்சு பேரோடு ரெண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைப் பாதிகூட மிதிக்காமல் ஏறும். கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டிய தேவையே வராது.

ஏறுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் வண்டியைச் சோதிக்க வேண்டியது இறங்கும்போது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ வண்டி அந்த உயரத்தை இறங்கினால் வெளிவரும் சக்தியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு யூனிட் மின்சாரத்துக்கு மேல் வரும். வீட்டில் ஒரு கிலோவாட் ஹீட்டர் ஆறு மணி நேரம் ஓடினால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவு. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி எங்கே போகும்? இன்ஜின் பிடித்து நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சக்கரத்துக்குள் இருக்கும் நாலு பிரேக்குகள் அத்தனையையும் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவர் கழற்றி வைத்த டிஸ்க் ஒன்றைக் காட்டினார். கையில் எடுத்தால் கனமாக, ஓரத்தில் துரு, ஆனால் பேட் உரசும் வட்டம் முழுக்க நீலமும் ஊதாவும் கலந்து மினுங்கிக்கொண்டிருந்தது, எண்ணெய் படிந்த தண்ணீரில் தெரியும் நிறம். "டிஸ்க்கு நீலம் பாஞ்சிருக்கு பாருங்க தம்பி, கீழருந்து வந்த வண்டி, நியூட்ரல்ல இறங்கியிருக்காங்க" என்றார். பக்கத்தில் அதன் பேட். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தது, நகத்தால் சுரண்டினால் நகம் வழுக்கியது. அப்படி இறுகிப்போன பேட் என்ன மிதித்தாலும் பிடிக்காது. குன்னூரிலிருந்து இறங்கும் வழியில் இருக்கும் பர்லியாறில் பல வண்டிகள் சக்கரத்தில் புகையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், சிலர் பாட்டில் தண்ணீரை எடுத்து டிஸ்க் மேல் ஊற்றுவார்கள், அதைச் செய்யவே கூடாது, சூட்டில் இருக்கும் இரும்பு கோணிக்கொள்ளும். நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினால் போதும்.

நியூட்ரலில் இறக்கினால் எண்ணெய் மிச்சம் என்று இன்னும் நம்புகிறார்கள். இப்போதைய இன்ஜின்களில் கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும். பாதுகாப்பும் போச்சு, எண்ணெயும் போச்சு.

இங்கேதான் சின்ன டர்போ இன்ஜினின் இன்னொரு பக்கம் தெரிகிறது. ஏறும்போது டர்போ அதைப் பெரிய இன்ஜினாக்கிக் காட்டும். இறங்கும்போது டர்போவுக்கு வேலை இல்லை, அது வெறும் ஒரு லிட்டர்தான், ஒரு லிட்டருக்கு எவ்வளவு இழுத்துப் பிடிக்க முடியுமோ அவ்வளவுதான் பிடிக்கும். அதனால் 1.5 லிட்டர் இன்ஜின் ரெண்டாவது கியரில் அடங்கி இறங்கும் இடத்தில் ஒரு லிட்டர் இன்ஜினுக்கு முதல் கியர் தேவைப்படும், அல்லது பிரேக்கை அடிக்கடி தொட வேண்டியிருக்கும். பிரெஸ்ஸாவை டர்போ இல்லை என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும், ஏற்றத்தில் அது திணறினாலும் இறக்கத்தில் நல்ல பிள்ளை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகளை அதில் ஏற விடுகிறார்கள், இறங்க விடுவதில்லை. அந்த ரோட்டில் இறங்கிப் பார்த்த யாருக்கும் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பிரேக் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரைகூட இறங்கிவிடும், கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரையோடு போய்விடும். வருஷத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் நிற்கும் வண்டிகள் நம்முடையவை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள், சர்வீஸில் அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும்.

கியர்பாக்ஸுக்கு வருகிறேன். இப்போது வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டோமேட்டிக்தான் கேட்கிறார்கள், தப்பில்லை, மே மாசம் மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டிக்குள் போய் வந்தால் இடது கால் நமக்கே வேண்டாம் என்று ஆகிவிடும். இ-பாஸ் வைத்து வார நாளில் 6,000, சனி ஞாயிறு 8,000 வண்டி என்று ஹைகோர்ட் கட்டுப்படுத்திய பிறகும் சீசனில் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கிறது. அந்த ஊர்தலில்தான் ஆட்டோமேட்டிக்கில் எந்த வகை என்பது முக்கியமாகிறது. டார்க் கன்வெர்ட்டர் பெட்டி நிம்மதி, அதில் இன்ஜின் சக்தி ஆயில் வழியாகக் கடத்தப்படுவதால் ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாலும் கிளட்ச் உரசித் தேய்வதில்லை. ஏஎம்டி விலை குறைவு, ஆனால் உள்ளே இருப்பது சாதா கிளட்ச்தான், நம் காலுக்குப் பதில் மோட்டார் மிதிக்கிறது, வளைவு நடுவில் கியர் மாற்ற நினைத்தால் வண்டி ஒரு நொடி தொங்கும். ரெண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் டிசிடியில் உலர்ந்த கிளட்ச் வைத்த வகை நல்ல ரோட்டில் அருமையாக ஓடும், ஏற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு நகர்த்தினால் சூடாகி மீட்டரில் எச்சரிக்கை போடும். எதை வாங்கினாலும் கியரை நாமே கையால் பிடித்து வைக்க வசதி இருக்க வேண்டும். டி-யில் போட்டுவிட்டு இறங்கினால் அது பாட்டுக்கு மேல் கியருக்குப் போய்க்கொண்டே இருக்கும், அப்புறம் பர்லியாறில் புகைதான். ஏற்றத்தில் பின்னால் உருளாமல் ரெண்டு மூணு செகண்ட் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டும் வேண்டும்.

நடைமுறை வசதி என்றால் டிக்கி எத்தனை லிட்டர் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கைலாக்கில் 446, நெக்ஸானில் 382, பிரெஸ்ஸாவில் 328, இதெல்லாம் நல்லதுதான், ஆனால் கேரட் மூட்டையைத் தூக்கி வைக்கிறவருக்கு டிக்கியின் வாசல் எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. நான் ஷோரூமில் கேட்கச் சொல்வது வேறு சில சாமான்கள். பின் கண்ணாடிக்கு வைப்பரும், படியும் ஈரத்தைச் சூடாக்கிப் போக்கும் டீஃபாகரும் இருக்கிறதா? அடிநிலை வேரியன்ட்டுகள் பலவற்றில் இருக்காது. ஜூலையில் ஒரு சாயங்காலம் கட்டபெட்டு வழியாக வந்து பாருங்கள், பின் கண்ணாடி முழுக்க வெள்ளையாகி, ரிவர்ஸ் எடுக்கும்போது பள்ளம் எந்தப் பக்கம் என்றே தெரியாது. சன்ரூஃபுக்கு இன்னொரு படி மேலே போய்ப் பணம் கட்டுகிறோம், அந்தப் பணத்துக்கு ஃபாக் லேம்ப் கிடைத்தால் அதை எடுங்கள். வெள்ளை எல்இடி ஹெட்லைட் மூடுபனியில் திரும்ப நம் முகத்திலேயே அடிக்கும், தாழ்வாக வைத்த ஃபாக் லேம்ப் ரோட்டோர வெள்ளைக் கோட்டைக் காட்டிவிடும், அந்தக் கோடு போதும் வீடு வந்து சேர. காட்டுமாடு நடுரோட்டில் நிற்பதும் அந்த வெளிச்சத்தில்தான் முதலில் தெரியும், கறுப்பு உடம்பு தெரியாது, முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும் கால்கள் தெரியும்.

திருப்பு வட்டத்தையும் பாருங்கள். பிரெஸ்ஸா 4.8 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும், எங்கள் நெக்ஸானுக்கு 5.1. தாளில் முப்பது சென்டிமீட்டர்தான், எங்கள் வீட்டுக்கு இறங்கும் வளைவில் ஒரே வீச்சில் திரும்புவதற்கும் ஒரு தடவை ரிவர்ஸ் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மனைவி இதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள், சொல்வது நியாயம்தான். பதிலுக்கு 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய வண்டி அது என்பதை நான் சொல்வேன். பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

டீசல் வாங்குங்கள் என்று எல்லாரிடமும் நான் சொல்வதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துத் தீர்க்க நல்ல சூடும் நிலையான வேகமும் வேண்டும். ஊருக்குள்ளேயே மூணு கிலோமீட்டர் பள்ளி, ரெண்டு கிலோமீட்டர் மார்க்கெட் என்று குளிர்ந்த இன்ஜினோடு ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே வராது, சீக்கிரமே மஞ்சள் விளக்கு எரியும். எங்கள் வண்டி கோயம்புத்தூர் போய் வருவதால் பிரச்சினை இல்லை, காரமடை ரோட்டில் அது தன் வேலையை முடித்துக்கொள்கிறது. மலையை விட்டே இறங்காதவர்கள் பெட்ரோல் டர்போவைத்தான் பார்க்க வேண்டும்.

அல்லது மின்சார வண்டியை. 2020இல் 30.2 யூனிட் பேட்டரியோடு நெக்ஸான் இவி வந்தபோது மலையில் இது நடக்குமா என்று நானே சந்தேகப்பட்டேன், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரோடு மேட்டுப்பாளையம் வரை போய் வந்தபோது சந்தேகம் தீர்ந்தது. நின்ற இடத்திலிருந்தே முழு டார்க், உயரம் ஏறினாலும் காற்றுக் கவலை கிடையாது, இறங்கும்போது நான் மேலே சொன்ன அந்த ஆறு யூனிட்டில் நல்ல பங்கைப் பேட்டரிக்கே திருப்பி ஏற்றிவிடுகிறது, பிரேக்கை அதிகம் தொட வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மலை மேலேயே நூறு சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திருப்பி ஏற்ற இடம் இருக்காது, அப்போது மோட்டார் இழுத்துப் பிடிக்காது, மறுபடி எல்லாம் பிரேக் தலையில் விழும். எண்பதோடு நிறுத்துங்கள்.

ஆக, வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஒன்றே ஒன்று கேளுங்கள், வண்டியை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், சும்மா வேடிக்கை பார்க்க என்று நினைக்க வேண்டாம், அவர்களின் எடை வண்டியில் இருக்க வேண்டும். அங்கிருந்து குஞ்சப்பனை வரை ஏறுங்கள். ஒரு வளைவிலாவது வேண்டுமென்றே வேகத்தைப் பதினைந்துக்கு இறக்கி, ரெண்டாவது கியரிலேயே எடுத்துப் பாருங்கள். பின்னால் வண்டி இல்லாத, அகலமான ஒரு சரிவில் நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள். திரும்பி இறங்கும்போது முதல் ரெண்டு கியரில் பிரேக்கை எவ்வளவு தொட வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுவது சட்டம், டெஸ்ட் டிரைவிலும் அது உண்டு. பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தி வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், சஸ்பென்ஷன் எப்படி என்பதை எந்த விமர்சனத்தையும்விட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் வண்டி அனுப்ப முடியாது என்று சொல்லும் ஷோரூம்கள் உண்டு. கோயம்புத்தூரில் ஷோரூமுக்கா பஞ்சம், அடுத்ததில் கேளுங்கள்.